செங்கல் நிறம் வந்தால் இருபது யூனிட்

எலும்பு முறிவு வார்டின் கோடியில், கழிவறைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சிமென்ட் மேடை இருக்கும். அதன்மேல் ஸ்பிரிட் விளக்கு, மரத் தாங்கியில் டெஸ்ட் டியூப்கள், நீல நிறத்தில் பெனடிக்ட் கரைசல். எழுபதுகளின் பிற்பகுதியில் தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தபோது, சர்க்கரைக்காரருக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று முடிவு செய்தது அந்த மேடைதான். கரைசல் 5 மில்லி, சிறுநீர் 8 துளி. கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சைக்கு 5, மஞ்சளுக்கு 10, ஆரஞ்சுக்கு 15, செங்கல் நிறம் வந்துவிட்டால் 20 யூனிட். ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட்டில் இதை எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார். விடிகாலையில் துளி எண்ணுவது எங்கள் வேலை.

ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய சோதனை அது. அப்போது இன்சுலினே கிடையாது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடும்வரை, சர்க்கரைக்காரர் உடம்பில் கத்தி வைக்க அறுவை மருத்துவர்கள் தயங்கினார்கள். ஆறாத காயம், அழுகும் கால், மயக்கம், சாவு. இன்சுலின் வந்தபின் மயக்கத்தில் சாவது குறைந்தது. நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள், அதனாலேயே கால் அழுகல் கூடியது. பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் 1934-இல் அதைப் பற்றி எச்சரித்து எழுதினார். தன் நோயாளிகளுக்குக் கால் கழுவுவதையும் நகம் வெட்டுவதையும் சொல்லிக்கொடுத்தார். நம் பக்கத்தில் எம். விஸ்வநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரைக்கெனத் தனிக் கிளினிக் தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் அவருடைய மருத்துவமனை வந்தது. எங்கள் ஊருக்கு அந்த வெளிச்சம் வந்துசேர வெகுநாள் ஆயிற்று. எங்களிடம் இருந்தது நீலக் கரைசல்தான்.

அந்தக் கரைசலின் குறை என்னவென்றால், அது சொல்வது பழைய சேதி. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் வெளியே விடும். வெளியே வந்ததும் பல மணி நேரம் சிறுநீர்ப்பையில் தேங்கியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஏறி இறங்கிய சர்க்கரைக்குக் காலை ஆறு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். அதைவிட மோசம் நீலம். ரத்தத்தில் 150 இருந்தாலும் நீலம், 40 இருந்தாலும் நீலம்.

காலில் சாதாரணப் புண்ணோடு வருபவருக்கு இந்தத் தாமதம் பெரிய சேதம் செய்யாது. லாரி மோதித் தொடை எலும்பு இரண்டாகப் போனவருக்கு அப்படியில்லை. பலத்த அடி பட்டதுமே உடம்பு அட்ரினலினையும் கார்டிசாலையும் கொட்டுகிறது. அவை ஈரலிலிருந்து சர்க்கரையை இறக்கிவிடும், இன்சுலினை வேலை செய்யவும் விடாது. ரத்தம் இழந்த விலங்கின் உடலில் சர்க்கரை ஏறுவதை பிரான்சின் கிளாட் பெர்னார்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பார்த்துச் சொல்லிவிட்டார். எங்கள் வார்டில் அதை வேறு மாதிரிச் சொல்வார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு சுகரே கெடையாது சிஸ்டர். இங்க வந்து குளுக்கோஸ் ஏத்துனதுக்கு அப்புறந்தான் வந்திருக்கு." இப்படிக் கையைப் பிசையும் மனைவியை வாராவாரம் பார்க்கலாம். சிலருக்கு அடியின் அதிர்ச்சி அடங்கியதும் தானாகவே இறங்கிவிடும். பலருக்கு அது பல வருஷமாக உள்ளே இருந்த நோய். லாரி மோதாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தெரியாமலே போயிருக்கும்.

காயத்தில் சீழ் வைத்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் சீழ் வடிவது நிற்காது. இந்தச் சுற்றை எங்கே அறுப்பது என்பதில் எலும்பு டாக்டருக்கும் மெடிக்கல் டாக்டருக்கும் ஓயாத இழுபறி. "சுகர் குறையட்டும், அப்புறம் ஆபரேஷன்" என்பார் ஒருவர். "சீழை எடுங்க, சுகர் தானா குறையும்" என்பார் மற்றவர். இரண்டாமவர் சொன்னதுதான் அதிகமும் பலித்தது என்பது என் கணக்கு.

அன்றைக்குத் தொடை எலும்பு முறிந்தால் பெரும்பாலும் டிராக்‌ஷன்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பி செலுத்தி, காலைத் தாமஸ் ஸ்பிளின்டில் தூக்கி வைத்து, கட்டில் முனையில் கப்பி மாட்டி எடை தொங்கவிடுவோம். வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரை அப்படியே மல்லாந்த கிடை. நடை இல்லை, அசைவு இல்லை. பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? ஹார்லிக்ஸ், ஆப்பிள், திராட்சை, இளநீர். வார்டில் வெறும் பாலும் ரொட்டியும் கொடுத்துவிட்டு, தலையணைக்கு அடியில் சாத்துக்குடியைத் தேடுவது எங்கள் தலையெழுத்து. "அண்ணாச்சி, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, உண்மையச் சொல்லுங்க" என்றால், டெஸ்ட் டியூப் செங்கல் நிறத்தில் கையில் இருக்கும்போதே, "ரெண்டு இட்லிதாம்மா" என்பார்.

உண்மையான ஆபத்து குதிகாலில் இருந்தது. பல வருஷச் சர்க்கரையில் பாத நரம்பு மரத்துப்போனவருக்கு மாவுக்கட்டு எங்கே அழுத்துகிறது என்று தெரியாது. மற்ற நோயாளி "வலிக்குது, வெட்டி விடுங்க" என்று கத்துவார். இவர் பேசாமல் படுத்திருப்பார். அதனால் சத்தம் போடாத சர்க்கரைக்காரர்தான் எங்களுக்குப் பயம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த சிஸ்டர் தினமும் மாவுக்கட்டின் விளிம்பில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார். நாற்றம் வந்தால் உடனே மாவுக்கட்டில் ஜன்னல்போல வெட்டச் சொல்வார். உள்ளே குதிகால் கறுத்திருக்கும். தொடை எலும்பு கூடி, குதிகால் போய், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்த கதைகள் எங்கள் காலத்து எல்லா வார்டுகளிலும் உண்டு.

மரத்துப்போன காலைக் கெடுத்த அதே மாவுக்கட்டு, மரத்துப்போன காலை ஆற்றவும் செய்தது என்பதை ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயில் உணர்ச்சியற்ற பாதத்து ஆறாப்புண்களை மாவுக்கட்டுப் போட்டு ஆற்றினார். பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரானவர், தமிழர். அவர் முறையில் பஞ்சு மிகக் குறைவு. கட்டு பாதத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தோடும் ஒட்டி நிற்கும். உடல் எடை ஒரு புள்ளியில் இறங்காமல் அடிப்பாதம் முழுக்கப் பரவும். புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும், ஆளும் நடமாடலாம். எங்கள் வார்டு மாவுக்கட்டுக்குள் குதிகால் தொய்ந்த பஞ்சில் ஆடி உரசியது. அங்கே ஆடவே இடமில்லை.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் இந்த வழியை மேலும் கொண்டுபோனார். வேலூரில் தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீரமைத்துக்கொண்டிருந்தபோது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது: சதை தானாக அழுகுவதில்லை; வலி தெரியாததால் மனிதர் அதே இடத்தில் மிதித்து மிதித்துக் கெடுத்துக்கொள்கிறார். 1966-இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அதே மாவுக்கட்டு சர்க்கரைக்காரர் காலுக்கும் வந்தது. இன்று சர்க்கரைக் கிளினிக்குகளில் எழுதித்தரும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பும் தொழுநோய் மருத்துவமனைகளிலிருந்து வந்ததே. அதை வாங்கச் சொன்னால், "இது குஷ்டரோகி போடுற செருப்புல்லா" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் தப்பில்லை, சுளித்ததில்தான் தப்பு.

டிரெஸ்ஸிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. யூசால், ஹைட்ரஜன் பெராக்சைடு, பப்பாளிப் பழக்கூழ் என்று என்னென்னவோ வைத்தோம். நாற்றமெடுத்த குழிப்புண்ணில் தேனும் சீனியும் வைத்த டாக்டரும் இருந்தார். சர்க்கரைக்காரர் காலில் சீனியா என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். புண்ணின்மேல் வைக்கும் சீனி அங்கேயே நீரை உறிஞ்சிக் கிருமியை வாடவைக்கும். ரத்தச் சர்க்கரையை அது ஏற்றுவதில்லை.

நீலத்தின் கொடுமை தலைக்காயக்காரரிடம் தெரியும். இன்சுலின் போட்டிருக்கிறோம், வாந்தியில் சாப்பாடு நிற்கவில்லை, ராத்திரி உளறுகிறார், வேர்த்துக் கொட்டுகிறது. மூளையில் ரத்தக்கசிவா, சர்க்கரை இறங்கியதா? டெஸ்ட் டியூப் நீலம் என்கிறது, லேப் பூட்டியிருக்கிறது. நரம்பில் 25 சத டெக்ஸ்ட்ரோஸை ஏற்றிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். கண் திறந்தால் அது சர்க்கரை.

இதற்கான பதில் வேறு நாடுகளில் எப்போதோ வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் வைத்து ஒரு நிமிஷத்தில் நிறம் பார்க்கும் டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ் அறுபதுகளிலும், அந்த நிறத்தை எண்ணாகக் காட்டும் ஏம்ஸ் கருவி 1970-லும் வந்தன. எங்கள் வார்டுக்கு குளுக்கோமீட்டர் வர தொண்ணூறுகள் பாதி கழிந்தது. ஸ்ட்ரிப் டப்பா அலமாரியில், சாவி இன்சார்ஜ் சிஸ்டர் இடுப்பில். ஆனாலும் அதற்குப் பிறகு வார்டின் ராத்திரி மாறிப்போனது. ஆபரேஷன் அன்று குளுக்கோஸ் பாட்டிலிலேயே இன்சுலினும் பொட்டாசியமும் கலந்து ஏற்றும் முறையை ஆல்பர்ட்டியும் தாமஸும் இங்கிலாந்தில் 1979-லேயே எழுதிவிட்டார்கள். விரல் நுனியில் எண் கிடைத்த பிறகுதான் எங்களுக்கு அதைச் செய்யத் துணிவு வந்தது.

எண் கையில் கிடைத்ததும் பேராசையும் வந்தது. 2001-இல் பெல்ஜியத்தின் லூவனில், தீவிர சிகிச்சை நோயாளிகளின் சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் நடுவில் பிடித்து வைத்தால் சாவு குறைகிறது என்றார்கள். எல்லாரும் அதன் பின்னால் ஓடினார்கள். 2009-இல் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த நைஸ்-சுகர் ஆய்வில் அது தலைகீழானது: இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதமும், 180-க்குள் என்று விட்டவர்களில் 24.9 சதவீதமும் இறந்திருந்தார்கள். இப்போது தீவிர சிகிச்சையில் 140 முதல் 180 என்கிறார்கள். டெஸ்ட் டியூப் நீலமா பச்சையா என்று நாங்கள் திணறிய அதே எல்லைதான்.

தொடை எலும்புக்குள் கம்பி செலுத்தி ஓரிரு நாளில் வாக்கர் பிடித்து நிற்க வைக்கும் காலம் இது. கிடை இல்லை, கப்பி இல்லை. குதிகால் புண்ணும் முன்போல இல்லை. தொல்லை டிஸ்சார்ஜுக்குப் பிறகு தொடங்குகிறது. பல ஊர்களில் எலும்பு ஓ.பி. ஒரு நாள், சர்க்கரை ஓ.பி. இன்னொரு நாள். கம்பி வைத்த காலோடு இரண்டு தடவை ஆட்டோ பிடிக்க முடியாதவர் எதை விடுவார்? சர்க்கரையைத்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகின்றன. எங்கள் தெருவில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு ஆச்சிக்கு மாத்திரை கொடுக்க வரும் பெண்ணை நிறுத்தி, மாத்திரைக் கணக்கு முடிந்ததும் குதிகாலையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் முறைத்தாள். இப்போது அவளே போர்வையை விலக்குகிறாள்.