வட ஆர்க்காட்டு மூளைக்காய்ச்சல்: 1955ஆம் ஆண்டின் பதிவும் அதற்கு முந்தைய பதிவின்மையும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலாக 1955ஆம் ஆண்டு வட ஆர்க்காடு மாவட்டத்தில் கண்டறியப்பட்டது என மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. ‘முதலில் கண்டறியப்பட்டது’ என்னும் இக்கூற்றை ‘முதலில் தோன்றியது’ எனப் பொருள்கொள்ளுதல் எளிது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி, அக்கண்டறிதலுக்கு வழிவகுத்த நிறுவனச் சூழலையும் வேளாண் சூழலையும் ஒடுகத்தூர் வட்டாரத்தை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: மூளைக்காய்ச்சல், வட ஆர்க்காடு, ஒடுகத்தூர், வேலூர், சன்னி, நெல்வயல், மருத்துவ வரலாறு

முன்னுரை

சவ்வாது மலையடிவாரத்தில், ஆம்பூருக்குக் கிழக்கே, வேலூருக்குத் தென்மேற்கே அமைந்துள்ள பேரூர் ஒடுகத்தூர். இன்று இவ்வூர் வேலூர் மாவட்டத்திலும் ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்திலும் உள்ளன. 1989இல் பிரிக்கப்படும் வரை இவை யாவும் வட ஆர்க்காடு மாவட்டத்திற்கு உட்பட்டிருந்தன. நிலப்படத்திலிருந்து மறைந்துவிட்ட அப்பெயர் மருத்துவ நூல்களில் நிலைத்து நிற்கிறது.

இவ்வட்டாரத்தின் உடல்நலம் குறித்த பேச்சு பெரும்பாலும் தோல் பதனிடும் தொழிலையும் பாலாற்று மாசினையும் சுற்றியே அமைகிறது. வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு அதற்குத் தக்க காரணமாகும். எனினும் இந்நிலத்திற்கு வேறொரு நோய் வரலாறும் உண்டு. அது ஏரிப்பாசனத்தோடும் நெல்வயலோடும் பிணைந்தது.

நோயின் இயல்பு

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்பது வைரஸால் உண்டாகும் மூளை அழற்சி. காய்ச்சல், தலைவலி, வாந்தி எனத் தொடங்கி வலிப்பு, நினைவிழப்பு என விரைந்து முற்றும். மூளை அழற்சி கண்டோரில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரிலும் பலருக்குக் கைகால் முடக்கம், பேச்சுக் குறை, அறிவுத்திறன் குறைவு ஆகியவை நிலைத்துவிடுகின்றன. வைரஸை அழிக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

வரலாற்று நோக்கில் இங்குக் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. தொற்று அடைந்தோரில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாக வெளிப்படுகிறது. ஏனையோர் தமக்குத் தொற்று நேர்ந்ததையே அறியார். ஆகவே ஊரெங்கும் வைரஸ் பரவியிருந்தாலும் ஒரு சிற்றூரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு குழந்தை மட்டுமே நோயுறக்கூடும். அவ்வூரார்க்கு அது தனியொரு குடும்பத்தின் துயரமாகத் தோன்றுமேயன்றி, பரவும் நோயாகத் தோன்றாது.

சன்னி என்னும் பொதுப்பெயர்

காய்ச்சலோடு வலிப்பும் பிதற்றலும் கண்டால் அதனைச் ‘சன்னி கண்டது’ என்பது தமிழ் வழக்கு. சித்த மருத்துவம் சன்னியைப் பல வகைகளாகப் பகுக்கிறது. இன்றைய மருத்துவம் மூளையுறை அழற்சி, மூளையைத் தாக்கும் மலேரியா, மூளைக்காய்ச்சல் எனப் பிரித்துக் காணும் நோய்கள் பலவும் மக்கள் வழக்கில் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கின. இதனை அறியாமை எனக் கொள்வது பொருந்தாது. படுக்கையருகே நின்று காண்பவர்க்கு இந்நோய்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறியத் தண்டுவட நீரையும் குருதிச் சீரத்தையும் சோதித்தல் வேண்டும். அவ்வசதி இல்லாத காலத்து இறப்புகளுள் எவை இந்நோயால் நேர்ந்தன எனப் பின்னாளில் பிரித்துக் கூற இயலாது.

இரு கட்டுரைகள்

அவ்வசதி 1950களில் வேலூரில் கூடிவந்தது. ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சிறு மருத்துவமனை, அதற்குள் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் இணைந்து 1952இல் புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தை நிறுவின. அம்மையத்தைச் சார்ந்த ஸ்மித்பர்ன் முதலியோர் இந்திய மக்களின் சீரத்தில் இவ்வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருப்பதை 1954இல் வெளியிட்டனர். நோயாளி எவரும் கண்டறியப்படுமுன்னரே தொற்று இங்கு இருந்தமைக்கு இது சான்றாகும்.

1956இல் இரு கட்டுரைகள் வெளிவந்தன. வேலூர்க் குழந்தை மருத்துவர்களான ஜே.கே.ஜி. வெப், எஸ். பெரைரா ஆகியோர் எழுதியது ஒன்று. புனே மையத்தின் டி.எச். வொர்க், கே.வி. ஷா ஆகியோர் எழுதியது மற்றொன்று. இவற்றின் தலைப்புகளே நோக்கத்தக்கவை. முன்னது கணுக்காலிகள் வழிப் பரவும் வகையைச் சார்ந்த மூளைக்காய்ச்சல் என்று மட்டும் சொல்லி, வைரஸின் பெயரைக் கூறாது நிற்கிறது. பின்னது ‘ஜப்பானிய பி வகை’ எனப் பெயரிடுகிறது. முன்னது நோய்க்குறிகளைக் கொண்டும் பின்னது சீரத்தைக் கொண்டும் நோயை நிறுவுகின்றன. மருத்துவமனைப் படுக்கையும் ஆய்வகமும் சந்தித்த இடமே ‘1955’ என்னும் ஆண்டு.

மேற்கு நைல், டெங்கு ஆகியவற்றின் வைரஸ்களும் இவ்வினத்தனவாதலால் சீரச் சோதனை மட்டும் ஐயத்தை முற்றும் நீக்காது. 1958இல் வேலூர் நோயாளி ஒருவரின் மூளைத் திசுவிலிருந்து பிரிக்கப்பட்ட வைரஸ், பி20778 என்னும் எண்ணுடன் ஆய்வகங்களில் இன்றும் பேணப்படுகிறது.

வயலும் கொசுவும்

நோய் உறுதியானபின் கேள்வி நிலத்தை நோக்கித் திரும்பியது. டி.இ. கேரி, ரேச்சல் ரூபன், ஆர்.எம். மயர்ஸ் ஆகியோர் 1960களில் வேலூர்ப் பகுதிக் கொசுக்களிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். வட ஆர்க்காட்டுக் கொசுக்களைப் பற்றி ரூபன் எழுதிய கட்டுரை வரிசை 1971இல் வெளிவந்தது. நீர் தேங்கிய நெல்வயலில் பெருகும் கியூலெக்ஸ் விஷ்ணுயி இனக்குழுவைச் சார்ந்த கொசுக்களே இந்நோயை முதன்மையாகப் பரப்புகின்றன. கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் வைரஸ் பெருகுகிறது. மனிதரின் குருதியில் அது கொசுவுக்குத் தொற்றும் அளவு பெருகுவதில்லை. எனவே நோயாளியிடமிருந்து பிறர்க்கு நோய் பரவாது.

இந்நோய்க்குப் பன்றி வளர்ப்போரை மட்டும் பழிப்பது பொருந்தாது என்பது இதனால் விளங்கும். வயல், ஏரி, பறவை, கொசு, விலங்கு ஆகியன அனைத்தும் கூடிய சுழற்சியில் ஒரு சமூகத்தின் வாழ்தொழிலை மட்டும் காரணமாகப் பிரித்தெடுக்க இயலாது.

1955க்குப் பின்

1973இல் மேற்கு வங்கத்தின் பாங்குரா, பர்துவான் மாவட்டங்களில் நேர்ந்த பெருந்தொற்றே இந்நோயை நாடறியச் செய்தது. 2005இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியை மையமாகக் கொண்டு பரவிய நோயால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின், 2006இல் அரசின் பெருந்திரள் தடுப்பூசித் திட்டம் உத்தரப் பிரதேசம், அசாம், மேற்கு வங்கம், கர்நாடகம் ஆகிய நான்கு மாநிலங்களில் தொடங்கிற்று. நோய் முதலில் பதிவான தமிழகம் அவ்வாண்டுப் பட்டியலில் இல்லை. நோய்ச்சுமை மிக்க மாவட்டங்களுக்கு முன்னுரிமை அளித்தது முறையே. எனினும் பெருந்திரளாகத் தாக்கும்போதே இந்நோய் அரசின் கவனத்தைப் பெறுகிறது என்பதையும், அங்கொருவர் இங்கொருவராகத் தாக்கும் இடங்களில் காலம் தாழ்கிறது என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

முடிவுரை

1955 இந்நோயின் பிறப்பாண்டு அன்று. நோய் ஆவணமான ஆண்டு அது. அரிதாக வெளிப்படும் நோயின் வடிவத்தைத் தனியொரு சிற்றூர் காண இயலாது. பல ஊர்க் குழந்தைகள் வந்துசேரும் மருத்துவமனையே அதனைக் காண இயலும். ஆதலின் ஆவணத்தில் இடம்பெற்றவர்கள் வேலூர் வரை வந்துசேர்ந்தவர்களே. ஒடுகத்தூர் போன்ற மலையடிவார ஊர்களில் வண்டிக்கும் வழிக்கும் காத்திருந்து, சன்னி என்ற சொல்லோடு வீட்டிலேயே இறந்த குழந்தைகள் இருந்திருப்பின், அவர்கள் எந்த எண்ணிக்கையிலும் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. பதிவின்மையை நோயின்மையாகக் கொள்ளாதிருத்தலே வட்டார மருத்துவ வரலாற்றை எழுதுவோர்க்கு முதற்கடமையாகும். ஊர்தோறும் முதியோர் நினைவிலுள்ள ‘சன்னி’ இறப்புகளைப் பருவம், வயது, வயலின் அண்மை ஆகியவற்றோடு தொகுப்பின் அவ்வெற்றிடத்தின் எல்லைகளையேனும் வரையலாம். அந்நினைவுடையோர் குறைந்துவரும் இக்காலத்தில் அப்பணி தாமதிக்கத்தக்கதன்று.