கோப்பைச் செய்தவர் யார்?

2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் சைபர் தாக்குதல் நடந்ததாகப் பரவும் செய்தி பொய் என்று நிலைய நிர்வாகம் அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் மால்வேர் புகுந்ததை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் தகவல் தந்திருந்தது. மால்வேர் தொற்றியது நிர்வாகப் பணிக்கான, இணையத் தொடர்புள்ள கணினியில். முக்கிய உள்வலையமைப்பு தனி என்பது கழகத்தின் விளக்கம். இந்த மறுப்புக்கும் ஒப்புதலுக்கும் பின்னால் இருந்தது சந்தேகக் கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றப்பட்ட, டிட்ராக் என்ற மால்வேர் வகைக் கோப்பு. அந்த நச்சுக் கோப்பைக் கைமாற்றாமலே, பல நாட்டு ஆய்வாளர்கள் தாங்கள் பேசுவது ஒரே கோப்பைப் பற்றித்தான் என்று உறுதிசெய்ய உதவுவது ஹாஷ் மதிப்பு. எவ்வளவு பெரிய கோப்பானாலும் ஷா-256 என்ற ஹாஷ் முறை அதை 64 எழுத்துகளாக்கிவிடும். உள்ளே ஒரு பிட் மாறினால் மதிப்பே வேறாகிவிடும். எம்டி5, ஷா-1, ஷா-256 என்ற மூன்று வகை ஹாஷ் மதிப்புகளையும் வைரஸ்டோட்டல் காட்டுகிறது. எதை நம்புவது என்பதற்கு விடை, கோப்பைச் செய்தவர் யார் என்பதில் இருக்கிறது.

ரொனால்ட் ரிவெஸ்ட் 1991இல் வடிவமைத்த எம்டி5-இல் ஒரே மதிப்பு தரும் இரு வேறு உள்ளீடுகளை 2004இல் வாங் சியாவோயுன் குழு காட்டியது. 2012இல் வெளிப்பட்ட ஃபிளேம் மால்வேர் இதே ஓட்டை வழியாக மைக்ரோசாஃப்ட் சான்றிதழைப் போலிசெய்திருந்தது. ஷா-1க்கும் 2017இல் அதே கதி: கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் ஒரே மதிப்புள்ள இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டன. ஆனாலும், ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பின் எம்டி5 மதிப்புக்குப் பொருந்த இன்னொன்றைச் செய்ய நடைமுறையில் இன்றுவரை வழியில்லை. பிறகு ஏன் அதைக் கைவிட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிடிபட்ட மால்வேரைப் பட்டியலிட எம்டி5 இன்னும் உதவும். ஆனால் 'இது பாதுகாப்பானது' என்று அனுமதிக்கும் பட்டியலுக்கு உதவாது. எதிரி நல்லதும் கெட்டதுமாக ஒரே மதிப்புள்ள ஓர் இணையை முன்கூட்டியே செய்து, நல்லதற்கு அனுமதி வாங்கிவிட்டுக் கெட்டதை அனுப்பலாம்.

நீதிமன்றத்திலும் இதே சிக்கல் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 தன் 3ஆம் பிரிவிலேயே ஹாஷுக்கு இடம் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின், மின்னணுச் சான்றுகளுக்கான சான்றிதழ்ப் படிவத்தில் ஷா-1, ஷா-256, எம்டி5 மூன்றும் அருகருகே நிற்கின்றன. கோப்பைக் கைப்பற்றிய பின் மாற்றினால் எம்டி5 காட்டிக்கொடுக்குமே என்பார்கள். உண்மை, ஆனால் கோப்பை எழுதியவரே வழக்கின் தரப்பாக இருந்து, அதன் இரட்டையை முன்பே செய்து வைத்திருந்தால்? அந்தப் படிவத்தில் ஷா-256ஐக் கட்டாயமாக்கியிருக்கலாம். அதற்குக் கூடுதலாக ஆகும் கணினி நேரம் பொருட்படுத்தத் தக்கதல்ல.