சாலையிலிருந்து நடைபாதைக்கு: பிரிட்டனில் மொபிலிட்டி ஸ்கூட்டர் வந்த வழி

பிரிட்டனின் கடைத்தெருக்களில் நடைபயணிகளுக்கு இடையே மெல்ல ஊர்ந்து செல்லும் மொபிலிட்டி ஸ்கூட்டர், அதாவது நெடுந்தொலைவு நடக்க இயலாதவர் அமர்ந்து செல்வதற்கான ஒற்றை இருக்கை பேட்டரி வண்டி, அந்நாட்டு அன்றாட வாழ்வில் இடம்பெற்றதற்கு மின்மோட்டாரின் வளர்ச்சி மட்டும் காரணமன்று. இயந்திரம் ஆயத்தமாகும் முன்பே எழுந்திருந்த வேறொரு கேள்விக்கு, இத்தகைய வண்டி சாலைக்கு உரியதா நடைபாதைக்கு உரியதா என்ற கேள்விக்கு, சட்டம் அளித்த விடையே இவ்வரலாற்றின் திருப்புமுனையாக அமைந்தது. 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, சாலையோர நடைபாதையில் வண்டி எதையும் ஓட்டுவதைக் குற்றமாக்கியிருந்தது. அச்சட்டத்தை இயற்றியவர்களின் மனத்தில் இருந்தவை குதிரை வண்டிகளே என்றாலும், நடக்க இயலாதவரின் வண்டிக்கும் அத்தடை நெடுங்காலம் நிழலாகத் தொடர்ந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பாத் நகரில் ஜேம்ஸ் ஹீத் என்பவர் வடிவமைத்ததாகக் கூறப்படும் ‘பாத் நாற்காலி’ இவ்வகை வண்டிகளுக்கு முன்னோடி. வெந்நீர் ஊற்றுகளில் குளித்து நோய் தீர்க்க அந்நகருக்கு வந்த செல்வந்தர்களை ஏற்றிச் சென்ற அந்த மூன்று சக்கர வண்டியை ஒருவர் பின்னின்று தள்ள, அமர்ந்திருப்பவர் முன்சக்கரத்துடன் இணைந்த நீண்ட கைப்பிடியைப் பிடித்துத் திசையைத் திருப்புவார். திசை நோயாளியின் கையிலும் விசை பணியாளரின் கையிலும் இருந்த அந்த ஏற்பாட்டில், தனியே வெளியே செல்வது என்பதற்கு இடமில்லை.

விசையையும் அமர்ந்திருப்பவரிடமே ஒப்படைத்தது பெட்ரோல் எஞ்சின். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பெர்ட் கிரீவ்ஸ் என்ற பொறியாளர், கால்கள் செயலிழந்த தம் உறவினர் டெர்ரி பிரஸ்டன்-காபுக்காக எஞ்சின் பொருத்திய வண்டியொன்றை உருவாக்க, அதிலிருந்து எசெக்ஸ் மாவட்டத்தின் தண்டர்ஸ்லியில் ‘இன்வாகார்’ நிறுவனம் பிறந்தது. 1948இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபின், போரில் உறுப்பிழந்தவர்களுக்கும் போலியோ முதலிய நோய்களால் நடக்க இயலாமல் போனவர்களுக்கும் இவ்வகை மூன்று சக்கர வண்டிகளை அரசே வாங்கி வழங்கியது, ஏ.சி. கார்ஸ் உள்ளிட்ட வேறு நிறுவனங்களும் அவற்றைத் தயாரித்தன. 1970களில் வெளிவந்த ‘மாடல் 70’ கண்ணாடியிழை உடலும், ஆஸ்திரியாவின் ஷ்டையர்-புக் நிறுவனத்து எஞ்சினும், ஓட்டுநரின் பக்கத்தில் மடித்த சக்கர நாற்காலியை வைப்பதற்கான இடமும் கொண்டிருந்தது.

வண்டி அரசின் உடைமையாகவே இருந்தது. பயன்படுத்துபவர் அதை இரவல் பெற்றவர் மட்டுமே. எந்த வண்டி, எந்த நிறம், எப்போது பழுதுபார்ப்பு என்பவற்றை அரசுத் துறையே முடிவுசெய்ததால், வெளிர்நீலத்தில் வார்த்தெடுத்த அந்த வண்டிகள் ஓட்டுபவரின் உடல்நிலையைத் தொலைவிலிருந்தே ஊருக்கு அறிவித்தன. இதைவிடக் கடுமையானது, உடன் ஒருவரையும் ஏற்றக் கூடாது என்ற விதி. தாய் தன் குழந்தையையோ கணவன் தன் மனைவியையோ அழைத்துச் செல்ல முடியாத வண்டி, வேலைக்குப் போய்வரும் ஓர் உடலை மட்டுமே கணக்கில் எடுத்து, அந்த உடலுக்குரிய குடும்பத்தை மறந்துவிட்டது என்று சொல்வது மிகையாகாது. எடை குறைந்த அந்த மூன்று சக்கர வண்டி பலத்த பக்கக்காற்றில் தடுமாறியதும் பயன்படுத்துவோரின் நீங்காத குறையாக இருந்தது. ஆயினும், அதுவரை வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த பல்லாயிரவருக்குத் தாமே ஓட்டிச் செல்லும் உரிமையை முதன்முதலில் தந்ததும் அதுவே. பின்னாளில் அது கேலிப்பொருளாக்கப்பட்டபோது இந்த உண்மை பெரிதும் மறக்கப்பட்டது.

நடைபாதைப் பக்கம் கதவு திறந்தது 1970இல். முதல் உலகப் போரில் கடுமையாக ஊனமுற்றுப் பின்னாளில் இறந்த ஒருவரின் மகனான ஆல்ஃப் மோரிஸ் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த ‘நாட்பட்ட நோயாளிகள் மற்றும் மாற்றுத்திறனாளிகள் சட்டம்’ அவ்வாண்டில் நிறைவேறியது. அதன் 20ஆம் பிரிவு, விதிகளுக்கு உட்பட்டு இயங்கும் மாற்றுத்திறனாளியின் வண்டி நடைபாதையில் செல்வது குற்றமாகாது என்றும், போக்குவரத்துச் சட்டங்களின் பொருளில் அது மோட்டார் வாகனம் அன்று என்றும் வகுத்தது. அச்சட்டம் இயற்றப்பட்டபோது சந்தையில் மொபிலிட்டி ஸ்கூட்டர் என்ற பண்டமே ஏறத்தாழ இல்லை என்பதைக் கருதினால், வரப்போகும் வண்டிக்குப் பாதை முன்கூட்டியே போடப்பட்டது எனலாம்.

அந்த வண்டி அமெரிக்காவில் உருவாகிக்கொண்டிருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் ஆலன் தீம் என்பவர், நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு ஆளான தம் குடும்பத்தவர் ஒருவருக்காக 1968இல் உருவாக்கிய ‘அமிகோ’, இன்றைய ஸ்கூட்டரின் தொடக்க வடிவமாகக் கருதப்படுகிறது. தட்டையான அடித்தளம், அதன்மேல் திரும்பும் இருக்கை, முன்னால் செங்குத்தான கைப்பிடித் தண்டு என்ற அதன் அமைப்பு, சக்கர நாற்காலி தேவைப்படும் அளவுக்குக் கால்கள் முற்றிலும் செயலிழக்காதவரை, ஆனால் கடைக்கு நடந்து சென்று திரும்பவும் இயலாதவரை, மனத்தில் கொண்டது. மூட்டுவாதம், இதயநோய், மூச்சுத்திணறல் எனப் பல காரணங்களால் இவ்விரு நிலைகளுக்கும் இடையே நின்றவர்களின் தொகை பெரிதாக இருந்தும், மருத்துவத்துறையின் பட்டியல்களில் அவர்களுக்கு இடம் குறைவாகவே இருந்தது.

பிரிட்டனில் அரசின் கொள்கையும் இதற்கிடையே திசைமாறியது. ஈவ்லின் ஷார்ப் அம்மையாரின் 1974ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்த விவாதங்களின் விளைவாக, வண்டியைக் கொடுப்பதற்குப் பதில் பணத்தைக் கொடுக்கும் ‘நகர்வுப்படி’ 1976இல் வந்தது; 1977இல் அமைந்த ‘மோட்டபிலிட்டி’ அறக்கட்டளை, அந்தப் படியைக் குத்தகையாகச் செலுத்திச் சாதாரணக் காரையே பெற வழிசெய்தது. எஞ்சிய நீல வண்டிகள் 2003ஆம் ஆண்டு மார்ச் இறுதியோடு சாலையிலிருந்து விலக்கப்பட்டன. நீண்ட பயணம் காருக்குப் போக, அருகிலுள்ள கடைக்கும் தபால் நிலையத்துக்கும் செல்லும் குறும்பயணம் தனித்து நின்றது. ஸ்கூட்டர் நிரப்பியது அந்த இடைவெளியையே. மில்டன் கீன்ஸ் நகரின் வணிக வளாகத்தில் 1979இல் தொடங்கிய ‘ஷாப்மொபிலிட்டி’ திட்டம், வந்தவர்களுக்குச் சக்கர நாற்காலிகளையும் பேட்டரி வண்டிகளையும் அங்கேயே இரவலாகத் தந்தது. அதைப் பின்பற்றிப் பிற நகரங்களில் எழுந்த நிலையங்கள், வாங்க எண்ணுபவர்கள் முன்னதாக ஓட்டிப் பழகும் களமாகவும் ஆயின.

1988ஆம் ஆண்டின் விதிகள் இவ்வண்டிகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தன. கையால் இயங்குபவை முதல் வகுப்பு. மணிக்கு 4 மைல், அதாவது 6.4 கிலோமீட்டர் வேகத்துக்குள் நடைபாதையில் செல்பவை இரண்டாம் வகுப்பு. சாலையில் 8 மைல் வரையும் நடைபாதையில் 4 மைல் வரையும் செல்பவை மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு வண்டிகளுக்கு விளக்கும் ஒலிப்பானும் பின்நோக்குக் கண்ணாடியும் வாகனப் பதிவும் தேவை, ஓட்டுபவர் 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆனால் ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. முதலிரு வகுப்புகளுக்கான எடை வரம்பு 113.4 கிலோ என விந்தையான எண்ணாக அமைந்தது, அது பழைய 250 பவுண்டு என்பதால்.

வாங்குபவரின் தேர்வு இந்த விதிகளின் அளவுகோலுக்குள்ளேயே நிகழ்கிறது. மூன்று சக்கர வண்டி கடையின் குறுகிய இடைவழிகளில் எளிதாகத் திரும்பும். நான்கு சக்கர வண்டி சரிவிலும் நடைபாதை விளிம்பிலும் கவிழாமல் நிற்கும். விசைப்பிடியை விட்டதும் மின்னோட்டம் நின்று காந்தத் தடை தானே பிடித்துக்கொள்ளும் அமைப்பு இரண்டுக்கும் பொது என்பதால், கைவலிமை குறைந்தவருக்கும் வண்டியை நிறுத்துவது கடினமன்று. காரில் ஏற்ற வேண்டுமாயின், மொத்த எடையைவிடக் கழற்றிய பாகங்களில் எது மிகக் கனமானது என்பதே முதன்மையான கேள்வி. பேருந்தில் ஏறுவதோ இன்னும் நெருக்கடியானது: 2000ஆம் ஆண்டின் பேருந்து விதிகள் 700 மில்லிமீட்டர் அகலமும் 1200 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சக்கர நாற்காலியையே அளவாகக் கொண்டதால், சாலையில் நெடுந்தொலைவு ஓடும் பெரிய ஸ்கூட்டர்கள் பேருந்து வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

நடைபாதையில் இடம் கிடைத்த வண்டிக்கு வீட்டில் இடம் கிடைப்பது இப்போது அரிதாகியுள்ளது. தீ விபத்தில் தப்பும் வழியை அடைக்கும் என்பதாலும், பேட்டரியே தீப்பற்றக்கூடும் என்பதாலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது நடைவழியில் ஸ்கூட்டரை நிறுத்தவும் மின்னேற்றம் செய்யவும் உரிமையாளர் அமைப்புகள் பல தடைவிதித்துள்ளன. முதியோர் குடியிருப்புகள் சிலவற்றில் மின்னிணைப்புடன் தனிக் கொட்டகைகள் கட்டப்படுகின்றன. அவ்வசதி இல்லாத கட்டடங்களில் வாழ்பவர்கள், செல்லும் தொலைவு குறைந்தாலும் சரியென்று, மடித்து வீட்டுக்குள் எடுத்துச் செல்லத்தக்க சிறிய வண்டிகளையே வாங்க வேண்டியவர்களாகின்றனர்.