காப்புவரியும் மறுஆய்வும்: இந்திய எஃகுச் சுங்கவரி வரலாற்றில் பயன்படுத்துவோரின் இடம் (1924–2022)

ஆய்வுச் சுருக்கம்

இறக்குமதியாகும் எஃகின் மீது விதிக்கப்படும் காப்புவரி, குறித்த காலத்திற்குப்பின் மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்னும் நெறி இந்தியாவில் 1924-ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. இன்று நடைமுறையிலுள்ள பொருள்குவிப்புத் தடுப்பு வரியின் முடிவுக்கால மறுஆய்வு 1995-இல் உருப்பெற்றது. இவ்விரு முறைகளையும் ஒப்பிடும் இக்கட்டுரை, மறுஆய்வின் கேள்வி காலப்போக்கில் குறுகியதையும், எஃகை மூலப்பொருளாகக் கொள்வோரின் நலன் விசாரணையின் மையத்திலிருந்து விலகியதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எஃகு, காப்புவரி, பொருள்குவிப்பு, சுங்கவரி வாரியம், மறுஆய்வு, சேலம் உருக்காலை.

முன்னுரை

திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கொல்லம் செல்லும் இருப்புப்பாதை 1904-இல் பயணிகள் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது. அப்போது இந்தியாவில் தண்டவாள எஃகைப் பேரளவில் உருவாக்கும் ஆலை இல்லை. ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை எஃகு உற்பத்தியைத் தொடங்கியது 1912-இல்தான். ஆகவே குற்றால மலையடிவாரத்தை ஒட்டிச் சென்ற இப்பாதைக்கும் தண்டவாளம் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. அதே 1904-இல் கனடா, உலகின் முதல் பொருள்குவிப்புத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அமெரிக்க ஆலைகள் தம் நாட்டு விலையினும் குறைத்துத் தண்டவாளங்களைக் கனடாவில் விற்கின்றன என்ற முறையீடு அச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது.

மலிவான தண்டவாளம் இருப்புப்பாதை அமைப்போருக்கு ஆதாயம். உள்நாட்டு ஆலைக்கோ இழப்பு. ஒரே விலை ஒருவர்க்கு நன்மையாகவும் மற்றொருவர்க்குத் தீங்காகவும் அமைவதால், காப்புவரி எதுவாயினும் அதை நிலையானதாகக் கொள்ள இயலாது. எவ்வளவு காலம், எந்த அளவில், எவருடைய செலவில் என்னும் வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. இவ்வினாக்களை எழுப்பும் முறையே மறுஆய்வு எனப்படுகிறது.

1924-ஆம் ஆண்டுச் சட்டமும் கால வரம்பும்

1921-இல் இப்ராகிம் ரகிம்துல்லா தலைமையில் அமைந்த நிதிக்கொள்கை ஆணையம், காப்பு கோரும் தொழிலுக்கு மூன்று நிபந்தனைகளை விதித்தது. அத்தொழிலுக்கு மூலப்பொருள், உள்நாட்டுச் சந்தை முதலிய இயற்கை வாய்ப்புகள் இருத்தல் வேண்டும். காப்பின்றி அது வளரவோ விரைந்து வளரவோ இயலாததாக இருத்தல் வேண்டும். இறுதியில் காப்பின்றியே உலகப் போட்டியை எதிர்கொள்ளும் ஆற்றலை அது பெறுவதாகவும் இருத்தல் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி டி.வி. சேஷகிரி ஐயர் உள்ளிட்ட ஐந்து உறுப்பினர்கள் இவ்வரையறை மிகக் கடுமையானது எனக் கருதித் தனிக்குறிப்பு எழுதினர். எனினும் மூன்றாம் நிபந்தனை பின்னைய வரலாற்றிற்கு இன்றியமையாதது. காப்பு என்பது முடிவுடையது என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது.

1923-இல் ஜி. ரெய்னி தலைமையில் அமைந்த சுங்கவரி வாரியத்தில் பி.பி. ஜின்வாலா, வி.ஜி. காலே ஆகியோர் உறுப்பினர்களாயினர். வாரியம் முதலில் ஆராய்ந்த பெருந்தொழில் எஃகு. அதன் பரிந்துரையின் வழி வந்த 1924-ஆம் ஆண்டு எஃகுத் தொழில் காப்புச் சட்டம் 1927 மார்ச் 31 வரை மட்டுமே காப்பளித்தது. அதற்குமுன் புதிய விசாரணை நடத்தப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இச்சட்டத்தின் இரு கூறுகள் இங்குக் கருதத்தக்கவை. முதலாவது, எஃகு விலை உயர்ந்தால் அதை வாங்கிப் பாலம், கட்டுமானச் சட்டகம் முதலியவற்றைச் செய்யும் பட்டறைகள் நலிவுறும் என்பது உணரப்பட்டது. எனவே வேலைப்பாடு செய்யப்பட்ட எஃகுப் பொருள்களின் இறக்குமதிக்கும் 25 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. இரண்டாவது, தண்டவாளத்திற்கு வரிக் காப்போடு ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது. இரயில்வேக்களுடன் முன்பே செய்துகொண்ட ஒப்பந்த விலைகளால் கட்டுண்டிருந்த ஆலைக்கு வரியால் மட்டும் பயன் விளையாது என்பதே காரணம். உற்பத்தியாளர், பயன்படுத்துவோர், கருவூலம் ஆகிய மூவரின் சுமையும் ஒரே விசாரணையில் எடைபோடப்பட்டது. தரப்பினரின் மனுக்களும் வாய்மொழிச் சாட்சியங்களும் தொகுதிகளாக அச்சிடப்பட்டன.

அறிவிக்கப்பட்ட வரி போதாது என்பது சில மாதங்களிலேயே புலப்பட்டது. ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பு வீழ்ச்சியால் பெல்ஜியம் முதலிய நாடுகளின் எஃகு மேலும் மலிந்தது. விலை வீழ்ச்சியால் காப்பு பயனற்றுப்போனால் வரியை உயர்த்தும் அதிகாரத்தைச் சட்டம் அரசுக்கு அளித்திருந்தது. ஆயினும் வரியை உயர்த்துவதற்கு மாறாக, 50 இலட்சம் ரூபாய் உச்சவரம்புடன் ஆலைக்கு ஊக்கத்தொகை வழங்கும் வழியே 1925-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. இதனால் எஃகு வாங்குவோர் மீது கூடுதல் விலை ஏறாமல், சுமை கருவூலத்தைச் சார்ந்தது.

கம்பியும் ஆணியும்

மறுஆய்வு வெறும் சடங்காக இருக்கவில்லை என்பதற்குக் கம்பியும் கம்பி ஆணியும் சான்று. 1924-இல் இவற்றுக்கு டன்னுக்கு 60 ரூபாய் வரி விதிக்கப்பட்டது. அடுத்த சுற்று விசாரணையில், ஆணி செய்வதற்கான மூலக்கம்பியே இறக்குமதியாவதால் முதல் நிபந்தனை நிறைவேறவில்லை என வாரியம் கருதியது, காப்பு விலக்கப்பட்டது. உள்நாட்டிலேயே மூலக்கம்பி கிடைக்கும் வாய்ப்பு உருவானபின் நடந்த புதிய விசாரணையின் பயனாக, 1932-இல் கம்பி மற்றும் கம்பி ஆணித் தொழில் காப்புச் சட்டம் பிறந்தது. எட்டாண்டுகளுக்குள் காப்பு தரப்பட்டு, விலக்கப்பட்டு, மீண்டும் தரப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் பொருளியல் காரணம் பொதுவெளியில் பதிவாயிற்று.

இம்முறை குறையற்றது எனக் கொள்ளலாகாது. 1927-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டுகளுக்குக் காப்பை நீட்டித்தபோது, பிரித்தானிய எஃகுக்குக் குறைந்த வரியும் பிற நாட்டு எஃகுக்குக் கூடுதல் வரியும் விதித்தது. மறுஆய்வு என்னும் வாயில் வழியே பேரரசின் வணிக நலனும் உட்புகுந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் இந்தியக் குழுவில் இடம்பெற்ற 1932-ஆம் ஆண்டு ஒட்டாவா மாநாடு இச்சலுகை முறையை மேலும் விரிவாக்கியது. இவற்றினூடே எஃகுக் காப்பு 1947 மார்ச் 31 அன்று முடிவுற்றது. மூன்றாம் நிபந்தனை நிறைவேற 23 ஆண்டுகள் ஆயின.

1995-க்குப் பிந்தைய மறுஆய்வு

விடுதலைக்குப்பின் இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு வலுத்தபோது வரியின் முதன்மை குறைந்தது. சுங்கவரி ஆணையமும் 1976-இல் முடிவுக்கு வந்தது. 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப்பின் நிலை மாறியது. 1992-இல் இந்தியாவின் முதல் பொருள்குவிப்பு விசாரணை தொடங்கியது. 1975-ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 9ஏ பிரிவும் 1995-ஆம் ஆண்டு விதிகளும் உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைக்கு இணங்க இன்றைய வடிவம் பெற்றன.

அதன்படி வரி ஐந்தாண்டில் காலாவதியாகும். வரி நீங்கினால் பொருள்குவிப்பும் பாதிப்பும் தொடரவோ மீளவோ வாய்ப்புண்டு என மறுஆய்வில் தெரியவந்தால், மேலும் ஐந்தாண்டு வரை நீட்டிக்கலாம். வணிகத் தீர்வழித் தலைமை இயக்குநரகம் பரிந்துரைக்கும். நிதி அமைச்சகம் முடிவெடுக்கும். காலவரம்பு என்ற நெறியில் 1924-உம் 1995-உம் ஒன்றுபடுகின்றன. வினாவில்தான் வேறுபடுகின்றன. முன்னது, தொழில் தன் காலில் நிற்குமா எனக் கேட்டது. பின்னது, தீங்கு திரும்புமா என்று மட்டும் கேட்கிறது.

விதிகளின் சொல்லாட்சியும் இதை உறுதிசெய்கிறது. பொருளைப் பயன்படுத்தும் தொழிலகங்களுக்குத் தகவலளிக்க வாய்ப்புண்டு. நுகர்வோர் அமைப்புகளுக்கோ, பொருள் சில்லறையில் பரவலாக விற்கப்பட்டால் மட்டுமே அவ்வாய்ப்பு. அத்தகவலும் பொருள்குவிப்பு, பாதிப்பு, இரண்டிற்குமான காரணத் தொடர்பு ஆகியவற்றைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். வரியால் தமக்கு நேரும் செலவைக் கூற விதியில் நேரடி இடமில்லை. அண்மைக்கால அறிக்கைகள் பொதுநலனைத் தனித்தலைப்பில் பேசினாலும் சட்டத்தின் அளவுகோல் மாறவில்லை.

சேலம் எஃகும் எவர்சில்வரும்

சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கம் முதல் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருவாக்கிவருகிறது. தமிழர் இல்லங்களில் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்த எவர்சில்வருக்கும் மூலப்பொருள் அவ்வகை எஃகே. ஆகவே இத்தகட்டின் மீதான வரி தமிழகத்தில் இரு தரப்பையும் தொடுகிறது.

குளிர்உருட்டு முறையில் செய்யப்பட்ட 600 முதல் 1250 மில்லிமீட்டர் அகலமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்குச் சீனா, ஜப்பான், தென்கொரியா உள்ளிட்ட நாடுகளின் மீது 2010-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி உறுதிசெய்யப்பட்டது. முடிவுக்கால மறுஆய்வின் பின் 2015 டிசம்பரில் நீட்டிக்கப்பட்டது. இதற்கிடையே 1250 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலத்தில் தகடு தருவிக்கப்பட்டு, இங்கே பிளந்து பயன்படுத்தப்படுவது கண்டறியப்பட்டது. 2017-இல் அவ்வகைக்கும் வரி விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு சீனத் தகடுகளுக்கு மானிய ஈட்டுவரியும் விதிக்கப்பட்டது.

இம்மானிய ஈட்டுவரியின் முடிவு குறிப்பிடத்தக்கது. 2021 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தையொட்டி அது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது; 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. உலோக விலை உயர்ந்துள்ள நிலையில் பொதுநலன் கருதி விலக்கப்படுவதாக நிதியமைச்சர் அறிவித்தார். ஐந்தாண்டுக் கெடு முடியவில்லை; வரி விலகியது முடிவுக்கால மறுஆய்வின் வழியாகவும் அன்று. பயன்படுத்துவோரின் சுமை இறுதியில் கருதப்பட்டது. ஆனால் சாட்சியம் கேட்டு எடைபோடும் விசாரணைக்கு வெளியே கருதப்பட்டது.

முடிவுரை

1924-ஆம் ஆண்டு முறை பேரரசின் நலனுக்கு வளைந்தது. 1995-ஆம் ஆண்டு முறை அத்தகைய வெளிப்படையான சாய்வுக்கு இடங்கொடாத சட்டத் துல்லியம் உடையது. ஆயினும் அத்துல்லியம் வினாவைக் குறுக்கியதால் பெறப்பட்டது. உருக்காலையின் இழப்பு விசாரணைக் கூடத்தில் கணக்கிடப்படுகிறது. பாத்திரப் பட்டறையின் இழப்பு அமைச்சகத்தின் விருப்புரிமைக்கு விடப்படுகிறது. விருப்புரிமையால் கிடைத்த தீர்வு விருப்புரிமையாலேயே நீங்கக்கூடியது. அதனால் இரு தரப்புக்கும் உறுதியில்லை. முடிவுக்கால மறுஆய்வில் வரியின் கீழ்நிலை விளைவுகளையும் கணக்கிட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்னும் கோரிக்கை புதியதன்று. வேலைப்பாடு செய்யப்பட்ட எஃகுக்கு 25 விழுக்காடு ஈடு கண்ட 1924-ஆம் ஆண்டின் நடைமுறையில் அதற்கான முன்மாதிரி உள்ளது.