பர்னாந்து என்னும் பெயரின் பயணம்

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்துப் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளைப் பொறுமையோடு புரட்டுவோர் ஒன்றைக் காண்பர். அருளப்பன், சின்னப்பன், இராயப்பன், சவரிமுத்து, ஞானப்பிரகாசம் என வரிசையாக வரும் பெயர்களுக்கு நடுவே பர்னாந்து, மச்சாது, கொரைரா, மிராந்தா, ரோச் என்னும் பெயர்களும் ஆங்காங்கே தலைகாட்டும். அலையோசை எட்டாத இத்தொழிற்சாலை ஊர்களுக்கு இக்கடற்கரைப் பெயர்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன? இப்பெயர்களைத் தாங்கியோர் போர்த்துக்கீசியரின் வழித்தோன்றல்களா? அயல்நாட்டார் இட்ட பெயரை இன்னும் சுமப்பது ஏன் என்று நம் இளைஞர் சிலர் கேட்கின்றனர். அப்பெயரே தங்கள் குடிப்பெருமை என்று முதியோர் சிலர் மார்தட்டுகின்றனர். இரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று இதற்குப் பின்னே உண்டு.

முத்துக்குளித்துறையின் பரதவர் தமிழகத்தின் மிகப் பழைய குடிகளுள் ஒருவர். நெய்தல் நில மக்களாகச் சங்க இலக்கியம் அவர்களைப் போற்றுகிறது. கொற்கை முத்தின் புகழ் அவர்கள் மூச்சடக்கி மூழ்கிப் பெற்றுத் தந்த புகழே. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மக்கள் பெரும் நெருக்கடிக்கு உள்ளாயினர். முத்துக்குளிப்பின் உரிமையைப் பற்றி எழுந்த பூசல் குருதி சிந்தும் மோதலாக முற்றியிருந்தது. அவ்வேளையில் அவர்களுக்கு வழிகாட்டியவர் ஜுவாம் த குரூஸ் என்னும் குதிரை வணிகர். பெயரைக் கேட்டால் ஐரோப்பியர் என்று தோன்றும். ஆனால் அவர் மலையாள நாட்டவர். இளமையில் கோழிக்கோட்டு மன்னரின் தூதராக லிஸ்பன் நகருக்குச் சென்று, அங்கே திருமுழுக்குப் பெற்றவர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடுங்கள் என்று அவர் சொன்ன அறிவுரையை ஏற்று, 1535-ஆம் ஆண்டையொட்டிப் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்றனர். அங்கே திருமுழுக்குப் பெற்றனர். தொடர்ந்து வந்த குருக்கள் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேருக்குத் திருமுழுக்கு அளித்தனர். 1542-இல் தூய பிரான்சிஸ் சவேரியார் இக்கரையில் கால் வைத்தபோது, பெயரளவில் கிறிஸ்தவர்களான இம்மக்கள் மறைக்கல்வி தருவார் இன்றிக் காத்திருந்தனர்.

பெயர்கள் பிறந்தது அந்நாள்களில்தான். திருமுழுக்குப் பெறுவோர் தம் ஞானத்தந்தையின் பெயரையோ, திருமுழுக்கு அளித்த குருவின் பெயரையோ, படைத்தலைவர் ஒருவரின் பெயரையோ ஏற்பது போர்த்துக்கீசியர் ஆட்சி பரவிய இடமெங்கும் வழக்கமாயிருந்தது. 1545 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தாம் திருமுழுக்கு அளித்ததைச் சவேரியார் விவரிக்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரைத் தாம் எழுதிக் கொடுத்ததையும் அதில் குறிப்பிடுகிறார். எழுத்தறியாத மீனவர் ஒருவர் தம் பெயர் எழுதப்பட்ட சீட்டைக் கையில் ஏந்தி வீடு திரும்பும் காட்சியை நாம் மனக்கண்ணால் கண்டு பார்க்கலாம். ஆகவே பர்னாந்து என்னும் பெயர் ஐரோப்பியக் குருதிக்குச் சான்றன்று. ஒரு குடும்பம் திருமுழுக்குத் தொட்டியருகே நின்ற நாளுக்கே அது சான்று.

இனி அப்பெயரின் பொருளைக் காண்போம். பெர்னாண்டோ என்பது ஐபீரிய நாடுகளுக்குக் கோத் இனத்தார் கொண்டு சென்ற ஜெர்மானியச் சொல். பயணத்தில் துணிவுடையவன் என்பது அறிஞர் பலர் அதற்குக் கொள்ளும் பொருள். போர்த்துக்கல் நாட்டில் அது பெரும்பாலும் ஒருவருக்கு இடும் முதற்பெயர். அங்கே குடும்பப் பெயராக வழங்குவது பெர்னாண்டஸ். அதாவது பெர்னாண்டோவின் மகன். ரொட்ரிகஸ் என்றால் ரொட்ரிகோவின் மகன். வாஸ் என்றால் வாஸ்கோவின் மகன். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சேற்றிய இயேசு சபைக் குரு என்ரிக்கே என்ரிக்கஸ் அடிகளின் பெயரோ, என்ரிக்கேயின் மகனாகிய என்ரிக்கே என்றே பொருள்படும். நாம் நம் பெயருக்கு முன் இடும் தலைப்பெழுத்தும் இதே பணியைத்தானே செய்கிறது? தந்தையின் பெயரைத் தமிழர் முன்னே ஓர் எழுத்தாக வைத்தனர். அவர்கள் பின்னே ஓர் ஒட்டாக வைத்தனர். வேற்றுமை ஒன்றே: நம் தலைப்பெழுத்து தலைமுறைதோறும் மாறும், அவர்களது ஒட்டு ஒரு காலத்தில் உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது.

ஏனைய பெயர்களும் எளிய பொருள் உடையவையே. மச்சாது என்றால் கோடரி. பெரைரா என்றால் பேரி மரம். கோஸ்தா என்றால் கடற்கரை. சில்வா என்றால் காடு. குரூஸ் என்றால் சிலுவை. ரோச்சா என்றால் பாறை. இவற்றுள் கடைசிப் பெயர் நமக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. தூத்துக்குடியில் ரோச் என வழங்கும் பெயர், அதே எழுத்துகளோடு பிரித்தானியத் தீவுகளிலும் உண்டு. நார்மானியர் வழிவந்த அக்குடும்பத்தினர் வேல்ஸ் நாட்டின் பெம்புரோக் பகுதியில் வாழ்ந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் அயர்லாந்துக்குச் சென்று, கார்க் மாவட்டத்தில் வேரூன்றினர். மறைந்த இளவரசி டயானாவின் தாயார் அக்குடியில் பிறந்தவரே. அவர்கள் பெயருக்கும் பாறையே பொருள். ஆயினும் 1923-இல் தோன்றிய தூத்துக்குடி மறைமாவட்டத்தின் முதல் ஆயராகத் திகழ்ந்த தமிழர் பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகைக்கும் அந்த அயர்லாந்துக் குடும்பத்துக்கும் எவ்விதக் குருதித் தொடர்பும் இல்லை. பெயர் ஒன்றாயிருப்பதால் குடி ஒன்றாகிவிடாது. பெயர் வேறாயிருப்பதால் குடி வேறாகிவிடவும் செய்யாது.

பர்னாந்து என்னும் பெயர் பரவிய பாதையைப் படத்தில் வரைந்தால், கடலோரமாகவே ஒரு கோடு செல்லும். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு எனத் தென்கரையெங்கும் அது செறிந்து காணப்படுகிறது. கடலைக் கடந்து இலங்கையிலோ நாட்டின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களுள் ஒன்றாகிவிட்டது. நீர்கொழும்பிலும் மொறட்டுவையிலும் சிங்களம் பேசும் கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பௌத்தரும் அதைத் தாங்குகின்றனர். வர்ணகுலசூரிய என்னும் பழங்குடிப் பெயரை முன்னும் பெர்னாண்டோவைப் பின்னும் வைத்து எழுதும் குடும்பங்கள் அங்கே உண்டு. புதியதை ஏற்றும் பழையதை அவர்கள் விடவில்லை. வணிகத்துக்காகக் கொழும்பில் குடியேறிய நம் கடற்கரை மக்களோ 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பரதர் எனத் தனியே குறிக்கப்பட்டனர். கோவாவிலும் மங்களூரிலும் இப்பெயரைப் பெர்னாண்டஸ் என்றே எழுதுவர். ஆக, பெயரின் இறுதி எழுத்தே பல வேளைகளில் குடும்பம் வந்த திசையைக் காட்டிவிடும். எனினும் அதை முற்றும் நம்புவதற்கில்லை. தூத்துக்குடி நகராட்சித் தலைவராயிருந்து அந்நகருக்குக் குடிநீர் கொணர்ந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து (1869–1930) அவர்களின் பெயரை ஆங்கிலத்தில் பெர்னாண்டஸ் என்றும் எழுதினர். எழுத்தர்களின் பேனா முனையில் மாறிய பெயர்கள் எத்தனையோ!

இப்பெயரைப் போர்த்துக்கீசியர் தந்தனர் என்பது உண்மை. ஆனால் தந்தவர்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன, கால்வினியப் போதகர்கள் மக்களைத் தம் வழிக்குக் கொணர முயன்றனர். பாதுகாப்புக்காக மட்டுமே பரதவர் மதம் மாறியிருந்தால், பாதுகாவலர் போனபின் நம்பிக்கையும் போயிருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. டச்சுக்காரர் ஆட்சி நடக்கும்போதே, 1713-இல், இன்று நாம் காணும் தூய பனிமய மாதா ஆலயம் தூத்துக்குடியில் எழுந்தது. நெருக்கடியில் ஏற்ற பெயரை, ஏற்கக் காரணமான ஆட்சி அழிந்த பின்னும் அம்மக்கள் கைவிடவில்லை. அன்றே அப்பெயர் தமிழ்ப் பெயராகிவிட்டது என்பது நம் துணிபு. 2013-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற 'கொற்கை' என்னும் தமிழ்ப் புதினத்தின் ஆசிரியர் ஜோ டி குரூஸ் என்பதில் இன்று எவரும் முரண்பாடு காண்பதில்லை.

உள்நாட்டில் நடந்தது வேறு. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகள், கிறிஸ்தவம் பரங்கியர் மார்க்கம் என்று இகழப்படுவதைக் கண்டார். அவருக்கு முன்பே அங்கே பணியாற்றிய இயேசு சபைத் துறவி கொன்சாலோ பெர்னாண்டஸ் அவருடைய புதுமுறைகளைக் கடுமையாக எதிர்த்தார் என்பது வரலாறு. மதுரை மறைப்பணியின் வழியில் புனிதர்களின் பெயர்களே தமிழாயின. யோவான் அருளப்பரானார், பவுல் சின்னப்பரானார், பேதுரு இராயப்பரானார். 1745-இல் நீலகண்டன் என்பவர் திருமுழுக்குப் பெற்றபோது இலாசர் என்னும் பெயரைத் தேவசகாயம் எனத் தமிழில் ஏற்றார். 2022 மே 15 அன்று அப்பெயராலேயே திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இவ்வாறு நம் திருச்சபையில் இரு பெயர் மரபுகள் வளர்ந்தன. கடற்கரை, அயல்மொழிப் பெயரைத் தமிழர் பெயராக்கியது. உள்நாடு, புனிதர் பெயரைத் தமிழ்ச் சொல்லாக்கியது.

இவ்விரு மரபுகளும் சந்தித்த இடங்களுள் ஒன்றே நம் மேற்குப் புறநகர். விடுதலைக்குப்பின் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்து குடியேறினர். வலை பின்னிய கைகளின் பேரர்கள் கடைசல் இயந்திரத்தில் நின்றனர். ஏர் பிடித்தோரின் பேரர்களும் அருகிலேயே நின்றனர். ஞாயிறன்று இருவரும் ஒரே திருப்பலியில் முழந்தாளிட்டனர். பயணத்தில் துணிவுடையவன் என்னும் பொருள் பர்னாந்துகளுக்கு மட்டுமன்று, அவர்கள் அனைவருக்கும் பொருந்தும்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒரே பலிபீடத்தைச் சூழ்ந்து நிற்போர் திருமணப் பேச்சு என்று வரும்போது, கடைசிப் பெயர் என்ன, சொந்த ஊர் எது என்று வினவுகின்றனர். அவ்வினாக்களின் உட்கருத்தை நாம் அறிவோம். கிறிஸ்துவுக்குள் புதுப்பிறப்பு எய்தியதற்கு அடையாளமாகத் தரப்பட்ட பெயர், எந்தச் சாதியில் பிறந்தவர் என்பதைத் துருவி அறியும் கருவியாகிவிட்டது. உள்நாட்டுப் பெயர்களும் இதற்குத் தப்பவில்லை. பெயரோடு ஊரையும் சேர்த்தால் கணக்குப் போட்டுவிடுகின்றனர். பழம்பெயரை மறைத்துப் புதுவாழ்வைக் காட்ட வேண்டிய திருமுழுக்கைத் தலைகீழாக்குவது இது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு நம்மிடம் கேட்பது ஒன்றே: கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் இடப்படாதவாறு பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் ஒவ்வாததாயிருக்கக் கூடாது என்றால், அப்பெயரை நாம் பயன்படுத்தும் முறையும் ஒவ்வாததாயிருக்கக் கூடாதல்லவா?

நம் மக்கள் பெரிதும் போற்றும் கோடி அற்புதர், பதுவை அந்தோணியாரை இங்கே நினைவுகூர்வது தகும். லிஸ்பன் நகரில் பிறந்த அவருக்குத் திருமுழுக்கில் இடப்பட்ட பெயர் பெர்னாண்டோ! 1220-இல் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தபோது அப்பெயரை விடுத்து அந்தோணி ஆனார். உயர்குடிப் பெயரை அவர் இறைவனுக்காகத் துறந்தார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் நம் கடற்கரை மக்கள் அதே பெயரைத் திருமுழுக்கில் ஏற்றனர். துறந்தவரையும் ஏற்றவரையும் அழைத்தவர் ஒருவரே.

பெயர்களின் பயணம் இன்னும் முடியவில்லை. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நம் இளைஞர்களிடம் குடும்பப் பெயரைக் கேட்கின்றனர். தலைப்பெழுத்தாய் நின்ற தந்தையின் பெயர் விரிந்து அங்கே அமர்கிறது. இன்று டொரண்டோவிலோ துபாயிலோ பிறக்கும் குழந்தை சவரிமுத்து என்னும் பாட்டனார் பெயரைக் குடும்பப் பெயராகத் தாங்குகிறது. நூறாண்டுக்குப்பின் அதன் பேரர்கள் இப்பெயர் எங்கிருந்து வந்ததென்று கேட்பர். அவர்களுக்கு விடை தருவார் வேண்டும். நம் இல்லங்களில் பழைய திருமுழுக்குச் சான்றிதழ்கள் இருப்பின், அவற்றை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். பெயர் பிறந்த ஊரையும், ஏற்ற நாளையும், ஏற்றவர் பட்ட பாட்டையும் சொல்லிக் கொடுப்போம். அடுத்த முறை ஒருவரிடம் கடைசிப் பெயரைக் கேட்க நா எழும்போது, அவர் திருமுழுக்கில் பெற்ற முதற்பெயரைக் கேட்டு, அதைச் சொல்லி அவரை அழைப்போம்.