அடைக்கோழியும் முட்டைக்கோழியும்

என் இளமையில் எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை லெகார்ன் கோழி இருந்தது. அது ஓயாமல் முட்டையிடுவதைக் கண்டு மகிழ்ந்த என் பாட்டியார், பன்னிரண்டு முட்டைகளை வைத்து அதனையே அடைக்கு அமர்த்தினார். கூடையால் கவிழ்த்து மூடியும் பயனில்லை. கூடையை எடுத்ததும் அது இரை தேடிப் போய்விட்டது. பன்னிரண்டும் கூமுட்டையாயின. அடுத்த முறை அவர் நாட்டுக்கோழியைத் தேடிப் போனார்.

இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று மாணவ நண்பர்கள் ஐயுறலாம். இருக்கிறது. கி.மு. 37 அளவில் வேளாண்மை நூல் இயற்றிய ரோமானியர் வாரோ, கூரிய அலகும் கூரிய நகமும் உடைய கோழிகளை அடைக்கு வைத்தலாகாது, அவை முட்டையிடுவதற்கே உரியவை என்றார். அவருக்குப் பின்வந்த கொலுமெல்லா, சேவலைப் போல் காலில் முள் உடைய பெட்டைகள் முட்டைகளை உடைத்துவிடும் என்று எச்சரித்தார். முட்டையிடும் கோழி வேறு, பொரிக்கும் கோழி வேறு என்பது அன்றே அறிந்த செய்தி.

காரணம் கோழியின் உடலிலேயே உள்ளது. சில முட்டைகள் இட்டபின் புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் மிகுகின்றது, முட்டையிடல் நிற்கின்றது, கோழி 21 நாள் இரையைக்கூடக் குறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றது. பின்னும் பல வாரங்கள் குஞ்சுகளைப் பேணுகின்றது. குஞ்சு வேண்டுவோர்க்கு இது வரம். முட்டை விற்போர்க்கோ இழப்பு. ஆகையால் முட்டை வணிகர், அடைக்கு அமரும் கோழிகளைக் கழித்து, அமராதவற்றையே தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். அடைகாக்கும் இயல்பு சிறுகச் சிறுகத் தேய்ந்தது.

ஆனால் தாய் இல்லாமல் குஞ்சு ஏது? எகிப்தியர் இதற்குப் பண்டே வழி கண்டிருந்தனர்; சாணத்தில் புதைத்து அவர்கள் முட்டை பொரிப்பதை அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். பிற்காலத்தில் மண் செங்கல் அடுப்புகளில் ஆயிரக்கணக்கில் பொரித்தனர். வெப்பமானி இல்லை; முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூட்டை அறிந்தனர் என்பது எனக்கு இன்றும் வியப்பே. 1879ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெட்டலூமா நகரில் பொரிப்புப் பொறி ஒன்று உருவாயிற்று. இத்தாலியிலிருந்து அமெரிக்கா சென்ற லெகார்னுக்கு அந்நகர் பேரிடமாயிற்று. தாய்மையைப் பொறி ஏற்றுக்கொண்டது.

இதற்கு நேர்மாறான இனமும் உண்டு. 1840களில் சீனத்திலிருந்து இங்கிலாந்து சென்ற கொச்சின் கோழியை நம் கேரளத்துக் கொச்சியோடு இணைத்துவிட வேண்டா. இந்தோசீனத்தின் ஒரு பகுதியின் பெயரே அதற்கு வந்தது. அடையில் அமர்ந்தால் எழ மறுக்கும் இயல்பினது அது. எனினும் அதன் பருத்த உடல் மெல்லிய ஓட்டைச் சில வேளை நசுக்கிவிடும். பட்டு மயிர்ச் சீனக்கோழியான சில்கியோ சிறியது, பொறுமையானது; வாத்து, காட்டுக்கோழி முட்டைகளைக்கூடப் பொரித்துத் தருவதால் மேனாட்டார் அதனை விரும்பி வளர்த்தனர். சிறியதாகையால் அதன் சிறகடியில் மிகுந்த முட்டைகள் அடங்கா.

நம் வீட்டுப் புறக்கடைக்கு நான் தேர்வது நாட்டுக்கோழியே, அடுத்தது அசில். இரண்டும் குஞ்சுகளைப் பருந்துக்கும் பூனைக்கும் விட்டுக்கொடாமல் போரிடும். எந்த இனமாயினும் முன்னர் ஒரு முறை நன்கு பொரித்த பெட்டையையே கேட்டு வாங்குங்கள். பாட்டியார் அப்படித்தான் செய்தார். அவ்வாண்டு மாசியில் பத்துக் குஞ்சுகள் வெளிவந்தன.