இராஜகிரி

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி நகரை அடுத்து, திருவண்ணாமலைச் சாலையோரம் நிற்கும் பாறைக் குன்று இராஜகிரி. தரையிலிருந்து சுமார் 800 அடிதான் உயரம். கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய இரு குன்றுகளையும் இதனுடன் மதிலால் இணைத்ததே செஞ்சிக் கோட்டை.

கோட்டையைவிட அக்கம்பக்கத்து ஊர்கள் பழமையானவை. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி முனிவரைக் குறிக்கும் பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. மேல்சித்தாமூர் சமண மடம் இன்றும் தமிழ்ச் சமணரின் தலைமையிடம். மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டில் பெருமை கொள்கிறான். சிங்கவரத்தில் குடைவரைக்குள் பள்ளிகொண்டிருப்பவர் அரங்கநாதர்.

கோட்டையைத் தொடங்கியவர் ஆனந்தக் கோன் என்பது மரபுச் செய்தி. அதற்கு இன்றைய வடிவம் தந்தவர்கள் பெரும்பாலும் விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள். 1649இல் பீஜப்பூர் படையும் 1677இல் சிவாஜியும் இதைக் கைப்பற்றினர். மராட்டியத் தலைநகரை இழந்த சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து அடைக்கலம் புகுந்தார். 1690இல் முற்றுகையிட்ட ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கானுக்குக் கோட்டை 1698இல்தான் கிடைத்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். உச்சிக்குப் போகும் வழியைப் பார்த்தால் இந்தத் தாமதம் வியப்பளிக்காது. செங்குத்தான படிகள் முடியுமிடத்தில் ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமான பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் போட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மேலேயிருக்கும் சிலரே ஒரு படையைத் தடுத்துவிடலாம்.

மக்கள் மனத்தில் நிற்பவர் என்னவோ சில மாதமே ஆண்ட தேசிங்கு ராஜன்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714இல் போரில் மாண்டார். போருக்குப் போகாதே என்று சிங்கவரத்துப் பெருமாள் முகம் திருப்பிக்கொண்டதாக ஐதிகம். உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர்பெற்றது என்பர்.

1750இல் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. எட்டாண்டு முற்றுகையை நினைத்தால் இது விந்தைதான். 1761இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் செஞ்சியின் போர்க்கால முக்கியத்துவம் மங்கியது. கோட்டைக்குள்ளிருந்த வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில புதுச்சேரிக்குப் போய், இன்று கடற்கரைக் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே.